ஹனிமூனுக்கு எத்தனை பேர்?

"மருமகன், ஹனிமூனுக்கு எத்தின பேர் வாறது எண்டு ஜப்பார் கேட்டனுப்பியிரிக்கான். என்னண்டு சொல்ல?"

மாமி மர்ளியா இதைக் கேட்டபோது நஜாத்தின் வாய் நிறைய இடியப்பம். அது கீழேயும் இறங்கவில்லை, மேலேயும் வரவில்லை. பிளேன்டீயை இரண்டு மடக்குக் குடித்து ஒருமாதிரி உள்ளே தள்ளினான்.

"எத்தின பேரா? ரெண்டு பேர்தான் மாமி."

"அது மாப்பிளையும் பொண்ணும். அத நான் சொல்லிட்டன். மத்த ஆக்கள் எத்தின பேர் எண்டு கேக்கிறான். எந்த வேன எடுக்கிற எண்டு அவன் முடிவு பண்ணணுமாம்."

"மத்த ஆக்களா?"

"பின்ன? நானும் மாமாவும் இரிக்கிறம். எண்ட தங்கச்சி றுக்கியாதான் இன்னும் முடிவு சொல்லல்ல. அவளுக்குக் குளிர் ஒத்துக்காது. நுவரெலியாவில நல்ல குளிராமே?"

நஜாத் தலையைத் திருப்பித் தன் புதுப் பெண்டாட்டியைப் பார்த்தான். இல்மா அடுப்படி வாசலில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அந்த மாம்புரி ஊரில் அதற்கு முன் ஒருத்தரும் தேங்காயே துருவியதில்லை என்பதைப் போல அத்தனை மும்முரம். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

இந்த அநியாயம் எப்படித் தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாவம், பையனைப் பைத்தியக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

நஜாத் புத்தளம் டவுன்காரன். கட்டாரில் கடலோரத்து ஹோட்டல் ஒன்றில் வேலை. வேலை என்றால் ஏசிக்குள் மேசை போட்டு இருக்கிற வேலை இல்லை. வருகிறவர்களின் பெட்டியைத் தூக்கிப்போய் அறைக்குள் வைத்து, சிரித்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வருகிற வேலை. அந்த ஹோட்டலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஹனிமூன் சோடிகள். வருஷக்கணக்காக அவர்களுடைய பெட்டிகளைத் தூக்கியவன், ஒவ்வொரு தடவை கதவைச் சாத்தும்போதும் மனதுக்குள் ஒரு நிய்யத்து வைத்துக்கொண்டான். 'எனக்கும் ஒருநாள் கலியாணம் நடக்கும். அண்டைக்கு நான் கதவுக்கு உள்பக்கம் நிப்பன்.'

கலியாணம் நடந்தது. ஆனால் கதவைக் காணோம்.

மாமா அத்தாஉல்லா மகளுக்கென்று வீட்டோடு சேர்த்து ஒரு புது அறை கட்டியிருந்தார். சுவர் எழும்பி, சீமெந்து பூசி, நிலையும் வைத்தாயிற்று. கதவு மட்டும் தச்சனின் பட்டறையில் 'இந்தா வருது, அந்தா வருது' என்று கிடந்தது. அது வருமட்டும் நிலையில் பூப்போட்ட திரைச்சீலை ஒன்று தொங்கியது. கதவென்றால் தட்டுவார்கள். திரைச்சீலையை எப்படித் தட்டுவது? "தூங்கிறீங்களா மருமகன்?" என்று தூக்கிப் பார்ப்பார்கள். தூங்குகிறவனை எழுப்பித் தூங்குகிறாயா என்று கேட்பதில் மர்ளியாவை மிஞ்ச ஆளில்லை.

அதோடு விருந்து வேறு. புது மாப்பிள்ளையைச் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்கள். இன்றைக்கு முந்தல், நாளைக்குக் குறிஞ்சிப்பிட்டி, மறுநாள் கற்பிட்டி. சோறு தனிப் பீங்கானிலா தருவார்கள்? பெரிய சஹன் தட்டில் மலைபோலக் குவித்து, சுற்றிவர ஆறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். மாப்பிள்ளைக்கு முன்னால் கோழிக் காலைத் தள்ளிவிட ஒரு ஆள், வட்டிலப்பத்தை வாயில் திணிக்க ஒரு ஆள். பெண் உள்ளே பெண்களோடு. சாப்பிடக்கூட அவனைத் தனியாக விடவில்லை.

கலியாணம் முடிந்து இரண்டு கிழமையாகிவிட்டது. மனைவியோடு தனியாகப் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தால் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் பேசி முடித்துவிடலாம். அவளுக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவாள், எதற்குச் சிரிப்பாள், ஒன்றும் தெரியாது. லீவு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. போனால் திரும்பி வர இரண்டு வருஷம். அவன் அப்படி என்ன பெரிதாகக் கேட்டான்? மூன்று நாள். ஒருத்தரும் திரைச்சீலையைத் தூக்காத மூன்றே மூன்று நாள்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த கையோடு, இல்மா அவனுடைய சாரத்தை மடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மெல்ல விஷயத்தை எடுத்தான்.

"இல்மா, நாம ஹனிமூன் போவமா? நுவரெலியாவுக்கு. மூணு நாள்."

"ஹனிமூனா? அதுக்கு யாரு யாரு போற?"

"மாப்பிளையும் பொண்ணும் மட்டுந்தான். வேற ஒத்தரும் இல்ல. அதுதானே அதுட விசேஷமே!"

இல்மா சாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"நல்ல விசயந்தான்," என்றாள். பிறகு எழும்பிப் பின்பக்கம் போய், வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு மரியத்தோடு ஏதோ குசுகுசுத்துவிட்டு வந்தாள்.

அந்தக் குசுகுசுப்புத்தான் வினையாகப் போயிற்று என்று நஜாத் பிறகு தலையில் அடித்துக்கொண்டான். அஸர் தொழுதுவிட்டு அவன் வீட்டுக்கு வரும்போது மாமி மர்ளியா வாசலிலேயே நின்றாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"எங்களயும் நுவரெலியா கூட்டிட்டுப் போறீங்களாமே மருமகன்! இல்மா சொன்னா. இந்தக் காலத்தில எந்த மருமகன் மாமியார நெனைக்கிறான்? அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்யட்டும்!"

அதற்கு 'ஆமீன்' சொல்வதைத் தவிர ஒரு மனுஷன் வேறு என்ன செய்ய முடியும்?

விடிந்தால் இப்போது எத்தனை பேர் என்று கேள்வி வந்து நிற்கிறது. இதை இப்படியே விட்டால் சரிவராது என்று நஜாத்துக்குத் தோன்றியது. விளக்கமில்லாமல்தானே கேட்கிறார்கள், விளங்கப்படுத்தினால் விட்டுவிடுவார்கள். அவன் செய்த முதல் பிழை அதுதான்.

"மாமி, ஹனிமூன் எண்டா சும்மா டிரிப் இல்ல. அந்தச் சொல்லுக்கு ஒரு கருத்து இரிக்கி. பொறுங்க, பாத்துச் சொல்றன்." போனை எடுத்துத் தேடினான். "இந்தா. ஹனி எண்டா தேன். மூன் எண்டா நிலவு. அந்தக் காலத்து வெள்ளக்காரனும் மாசத்த நிலவ வெச்சுத்தான் பாத்திரிக்கான், நம்மட பிறை மாதிரி."

"பிறையா? நல்ல விசயமாத்தானே இரிக்கி."

"கலியாணம் முடிச்ச முதல் மாசம் தேன் மாதிரி இனிக்குமாம்."

"மாஷா அல்லாஹ்!"

அதோடு போனை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தால் அவன் கெட்டிக்காரன். ஆனால் போனில் அடுத்த வரியும் இருந்தது. படித்தவனுக்கு அடுத்த வரியை வாசிக்காமல் இருக்க முடியுமா?

"பிறகு, முழு நிலவு எப்படித் தேயத் தொடங்குதோ, அப்படி மாப்பிளை பொண்ணுட அன்பும் கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சு போகுமாம். அதாலதான் அந்த முதல் மாசத்த ரெண்டு பேரும் தனியா..."

மர்ளியாவின் கையிலிருந்த சொதிக் கரண்டி சட்டிக்குள் விழுந்தது.

"தேஞ்சு போகுமா! ஒரு மாசத்தில எண்ட புள்ளய வாணாமெண்டு போயிருவீங்களா?"

"ஐயோ மாமி, நான் சொல்லல்ல, போன் சொல்லுது."

"போன்ல பாத்து வெச்சிக்கிட்டுத்தானே செய்யிறீங்க! றுக்கியா! அடியேய் றுக்கியா! இஞ்ச வாடி!"

றுக்கியா அடுத்த ஒழுங்கையில் இருந்தாள். மர்ளியாவின் குரலுக்கு அடுத்த ஊரில் இருந்தாலும் வந்திருப்பாள். வந்து, கதையைக் கேட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நஜாத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"குளிரோ கிளிரோ, நானும் வாறன் ராத்தா. அன்பு எப்படித் தேயிது எண்டு பக்கத்தில இருந்து பாக்கிறன்."

"ஓம் சாச்சி, நீங்க கட்டாயம் வரணும்," என்றது தேங்காய்த் துருவல் பக்கமிருந்து ஒரு குரல். "சாச்சப்பாவயும் கூட்டி வாங்க. ஒங்கட மருமகள் வீட்டில தனிய இரிந்து என்ன செய்ய? அவவும் புள்ளைகளும் வரட்டும். பள்ளிக்கூட லீவுதானே."

நஜாத் இல்மாவை முறைத்தான். அவள் அடுத்த தேங்காயை உடைத்தாள்.

பெண்களோடு பேசியது பிழை, ஆம்பளையோடு பேசினால் விளங்கும் என்று எண்ணிக்கொண்டு நஜாத் மாமாவைத் தேடித் தோட்டத்துக்குப் போனான். அத்தாஉல்லா வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனுஷன். மணல் தரையில் வெங்காயம் வளர்த்து ஒரே மகளைக் கரை சேர்த்தவர். அந்த ஒரே மகளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம் என்பதை நஜாத் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அவன் யோசித்ததெல்லாம் வேறு. இது ஒரு பழைய வழக்கம், பெண் வீட்டார் கூடப் போவதில்லை என்று காட்டிவிட்டால் மாமா வழக்கத்துக்கு மரியாதை கொடுத்து எல்லாரையும் நிறுத்திவிடுவார். போனில் அதற்குத் தோதாக இன்னொரு கதையும் கிடைத்திருந்தது.

"மாமா, ஹனிமூன் எப்படி வந்த எண்டு சில பேர் இப்படியும் சொல்றாங்க. ஆதி காலத்தில, வடக்க எங்கயோ குளிர் நாட்டில, மாப்பிளை பொண்ணத் தூக்கிட்டுப் போயிருவானாம்."

மாமா தண்ணீரை அடித்தபடியே "ம்" என்றார்.

"பொண்ணுட ஆக்கள் கண்டுபிடிக்காத எடத்தில ஒரு மாசம் ஒளிச்சு வெச்சிரிப்பானாம்."

மாமா மோட்டரை நிறுத்தினார். தோட்டம் 'கப்'பென்று அமைதியாகிவிட்டது.

"பொண்ணுட வாப்பா தேட மாட்டாரா?"

"தேடுவாராம் மாமா. தேடித் தேடிக் களைச்சு, 'சரி, போகட்டும்' எண்டு உட்டுருவாராம். அதுக்குப் பிறகுதான் அவன் வெளிய வருவானாம்."

அத்தாஉல்லா கையைச் சாரத்தில் துடைத்தார். மருமகனை ஆற அமரப் பார்த்தார்.

"நான் களைக்க மாட்டன், மருமகன்," என்றார்.

அவ்வளவுதான் பேசினார். பின்னேரம் முந்தலிலிருந்து அவருடைய அண்ணன் பதுர்தீன் காக்கா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பதுர்தீன் பொலிஸ் சார்ஜன்டாக இருந்து பென்சன் எடுத்தவர். சண்டைக் காலத்தில் எத்தனையோ வருஷம் வவுனியாப் பக்கம் செக்பொயின்டில் நின்றவர். பென்சன் எடுத்தாலும் அந்தப் பார்வை மட்டும் இன்னும் டியூட்டியில்தான் இருந்தது.

"மருமகன் உக்காருங்க. எந்த ஹோட்டல்?"

"இன்னும் பாக்கல்ல பெரியப்பா."

"பாக்கல்ல. ம். எந்தப் பாதையால போற?"

"கண்டியால..."

"ஏன் கண்டியால?"

இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியுமா? நுவரெலியாவுக்குக் கண்டியால்தான் போவார்கள் என்று நஜாத் இழுத்தான். பதுர்தீன் நம்பவில்லை.

"பாதைய நான் போட்டுத் தாறன். யுத்தம் முடிஞ்சு ரோட்டுத் திறந்து இத்தின வருஷமாச்சு, நம்மட குடும்பத்தில ஒத்தரும் யாழ்ப்பாணம் போகல்ல. மொதல்ல யாழ்ப்பாணம். கோட்டையப் பாத்திட்டு அப்படியே நுவரெலியா."

"பெரியப்பா, யாழ்ப்பாணம் வடக்க. நுவரெலியா தெக்க."

"வேனுக்கு டயர் இரிக்கிதானே?"

"முன் சீட் பெரியவாப்பாவுக்குத்தான்," என்றாள் இல்மா, தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபடி. "பெரியம்மாவும் வரட்டும். அவ யாழ்ப்பாணம் பாக்கணும் எண்டு எத்தின நாளாச் சொல்றா."

அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவே நஜாத்துக்கு மனமில்லை. ஆனாலும் நம்பிக்கை விடவில்லை. போனில் இன்னும் ஒரு கதை மிச்சம் இருந்தது. இந்தத் தடவை விளங்கப்படுத்தப் போவதில்லை, பயப்படுத்தப் போகிறேன் என்று முடிவெடுத்தான். மஃரிப் தொழுதுவிட்டு வரும் வழியில், வேன்காரன் ஜப்பாரைப் பள்ளிவாசல் மதிலோரமாக மறித்தான்.

"ஜப்பார் நானா, ஒண்டு சொல்லணும். இந்த ஹனிமூன் நல்ல விசயமில்லையாம். அந்தக் காலத்தில மாப்பிளையும் பொண்ணும் ஒரு மாசத்துக்குத் தேன்ல காய்ச்சின கள்ளக் குடிப்பாங்களாம். அந்தத் தேனும் அந்த மாசமுந்தான் ஹனிமூன் ஆச்சு எண்டு ஒரு பேச்சு இரிக்கி. ஒங்கட வேன்ல இத ஏத்தினா ஒங்களுக்குத்தான் பாவம் வந்து சேரும்."

ஜப்பார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். "அஸ்தஃபிருல்லாஹ்! நல்ல வேள சொன்னீங்க மச்சான்!"

நஜாத் சந்தோஷமாக வீட்டுக்குப் போனான். வேன் இல்லாவிட்டால் ஆளும் இல்லை. அவனும் இல்மாவும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனாலும் போதும்.

மறுநாள் காலை ஜப்பார் வந்தான். தனியாக வரவில்லை. பள்ளிவாசலில் தொழுவிக்கிற நெய்னார் லெப்பையையும் கூட்டிக்கொண்டு வந்தான். லெப்பை நல்ல மனுஷன், எதற்கும் கோபப்பட மாட்டார், எந்தப் பிரச்சினைக்கும் ஒரு வழி வைத்திருப்பார். அன்றைக்கு அதுதான் நஜாத்துக்கு வந்த கஷ்டம்.

"தம்பி, ஜப்பார் வந்து சொன்னான். நானும் யோசிச்சுப் பாத்தன்," என்றார் லெப்பை, கதிரையில் சாய்ந்துகொண்டு. "தேன் ஹலால். அதில நோய்க்கு ஷிஃபா இரிக்கி. மாசம் அல்லாஹ்ட மாசம். பயணம் போறதும் நல்லம். கள்ளு மட்டுந்தானே ஹராம்? அத உட்டுருவம். மத்ததெல்லாம் செய்யலாம்."

"இல்ல ஹஸரத், பேரே கூடாதெண்டால்..."

"பேருக்கென்ன? ஒங்கட மனசில சந்தேகம் வந்திருச்சு, அதுதான் காரியம். சந்தேகத்தோட பயணம் போகக் கூடாது. அதால நானே கூட வாறன். வழியில ஓதிக்கிட்டே போவம்."

"லெப்பைட வீட்டுக்காரியும் வரணும்," என்றது திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து இல்மாவின் குரல். "அவ ஒரு நாளும் வெளிய போனதில்லயாம்."

லெப்பையின் முகம் மலர்ந்துவிட்டது. போகும்போது நஜாத்தின் கையில் ஒரு போத்தல் மலைத்தேனையும் தந்துவிட்டுப் போனார். ஜப்பார் வேனை விட்டுவிட்டு, சிலாபத்தில் தன் மச்சானின் றோசா என்கிற மினி பஸ்ஸை வாடகைக்குப் பேசினான்.

இவ்வளவு நடந்தும் நஜாத் பொறுத்துக்கொண்டான். ஆனால் அன்று பின்னேரம், வீட்டில் எல்லாரும் பயணத்துக்குக் கம்பளிச் சட்டை தேடிக்கொண்டிருந்த நேரம், இல்மாவைக் கிணற்றடியில் பிடித்துக்கொண்டான்.

"இல்மா, நான் ஒண்டு கேக்கிறன். ஒனக்கு என்னோட தனிய இரிக்கப் பயமா?"

"இல்லியே."

"அப்ப ஏன் காணுற ஆக்களயெல்லாம் சேக்கிற? ஒவ்வொண்டா நான் தடுக்கத் தடுக்க நீ நாலு பேர ஏத்திற!"

"பாவம், சாச்சி ஒண்டயும் கண்டதில்ல..."

"நான் மட்டும் என்னத்தக் கண்டன்? இனி ரெண்டு வருஷம் ஒண்ட முகத்த இந்தப் போன்லதான் பாக்கப் போறன். நெட் வராட்டி அதுவும் இல்ல. மூணு நாள் ஒன்னோட இரிந்து கதைக்க ஆசப்பட்டன். எனக்கு வேற ஒரு ஆசயும் இல்ல இல்மா, வல்லாஹி."

இல்மா வாளிக் கயிற்றைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்து வந்தது. ஏதோ சொல்லப் போகிறாள் என்று நஜாத் ஒரு எட்டு முன்னால் வைத்தான்.

"அந்த றோசா பஸ்ஸில எத்தின சீட் இரிக்கும்?" என்று கேட்டாள்.

நஜாத் திரும்பிக் கடற்கரைக்கு நடந்துவிட்டான். இவளுக்கு மூளைதான் இல்லையா, மனம்தான் இல்லையா என்று அலைகளிடம் கேட்டான். அலைகளுக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவன் எதையும் தடுக்கவில்லை. ஒழுங்கை முழுக்க ஹனிமூனுக்குப் பெயர் கொடுத்தது. பக்கத்து வீட்டு மரியத்தை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அவன் அலுத்துப்போய், "அவவ மட்டும் ஏன் உட்ட? அவவயும் ஏத்து!" என்று எரிந்து விழுந்தான்.

"அவவுக்கு வேல இரிக்கி," என்றாள் இல்மா.

வியாழக்கிழமை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு றோசா பஸ் வாசலில் வந்து நின்றது. முன்கண்ணாடியில் ஜப்பார் பிளாஸ்டிக் பூமாலை கட்டி, 'புதுமணத் தம்பதிகள்' என்று ஒரு தாளும் ஒட்டியிருந்தான். பின் சீட்டுக்குக் கீழே புரியாணிச் சட்டி, காஸ் அடுப்பு, பாய், தலையணை, மர்ளியாவின் வெற்றிலைத் தட்டம், பதுர்தீன் வழியில் யாரையாவது மறிக்க வேண்டி வந்தால் என்று கொண்டுவந்த பெரிய டோர்ச். றுக்கியா இரண்டு கம்பளிச் சட்டையை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வேர்த்து வடிந்தாள்.

"ஹனிமூன் ஆக்கள் எல்லாரும் ஏறுங்க! ஏறுங்க!" என்று கத்தினான் ஜப்பார்.

ஏறினார்கள். எல்லாரும் ஏறி, மிச்சம் இரண்டு சீட் மட்டும் இருந்தது. நஜாத் தன் பையைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்த நேரம், குறிஞ்சிப்பிட்டியிலிருந்து ஒரு முச்சக்கர வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அத்தாஉல்லாவின் மச்சானும் அவருடைய மனைவியும் பெட்டியோடு இறங்கினார்கள். வயசான மனுஷர், முழங்கால் வருத்தக்காரர்.

"பிந்தியிட்டமா? நேத்து ராவுதான் செய்தி கெடைச்ச," என்றார் மூச்சு வாங்க.

"இவங்கள யாரு கூப்பிட்ட?" என்று மர்ளியா ஜன்னலால் முணுமுணுத்தாள். இல்மா குனிந்து புரியாணிச் சட்டியின் மூடியைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு சீட், நாலு பேர். பஸ்ஸுக்குள் சத்தம் கிளம்பியது. வந்த மச்சானைத் திருப்பி அனுப்ப முடியுமா? கலியாணத்துக்கே பிந்திச் சொன்னது என்று இன்னும் கோபத்தில் இருக்கிற மனுஷன்.

"நாங்க பொறகு போறம் உம்மா," என்றாள் இல்மா. "மூத்தவங்க போங்க. வாப்பாட வெங்காயத்துக்கும் தண்ணி அடிக்க ஆள் வேணுந்தானே."

பஸ் முழுக்க மாஷா அல்லாஹ் சொன்னது. இப்படி ஒரு குணமான பிள்ளையை எங்கே காணலாம் என்று றுக்கியா மூக்கைச் சிந்தினாள். மர்ளியாவுக்குத்தான் மனம் கேட்கவில்லை. "எண்ட புள்ள இல்லாம எனக்கென்ன ஹனிமூன்!" என்று இறங்கப் பார்த்தாள்.

"இருங்க மதினி," என்று பதுர்தீன் முன் சீட்டிலிருந்து கையைக் காட்டினார். "அதுகள் இளசுகள். அடுத்த வருஷம் போகட்டும்."

"அடுத்த வருஷம் நான் இஞ்ச இல்ல பெரியப்பா!" என்றான் நஜாத்.

அது ஒருத்தருக்கும் கேட்கவில்லை. லெப்பை பயண துஆவைத் தொடங்கிவிட்டார். அத்தாஉல்லா மட்டும் ஜன்னலால் எட்டி, மருமகன் வீட்டிலேயே, கிணற்றுக்கும் வெங்காயப் பாத்திக்கும் நடுவில்தான் இருக்கப் போகிறான், தூக்கிக்கொண்டு போக வழியில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்தார். பூமாலை ஆட, தம்பதிகள் இல்லாத புதுமணத் தம்பதிகள் பஸ், பாலாவிப் பக்கமாகப் புறப்பட்டுப் போயிற்று.

நஜாத் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். எல்லாரும் அவனுடைய ஹனிமூனுக்குப் போய்விட்டார்கள். அவன் மட்டும் வெங்காயத்துக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும். கட்டாரில் கதவுக்கு வெளியே நின்றவன், இங்கே பஸ்ஸுக்கு வெளியே நிற்கிறான். தலையெழுத்து என்றால் இதுதான்.

வாசல் படியில் போய்த் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். உள்ளே இல்மா ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு கூட்டிப் பெருக்குகிற சத்தம் கேட்டது. அவளுக்குப் பாட்டு வேறு வருகிறது! அவன் கோபத்தில் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

வெயில் ஏறிய பிறகு வேலியோரம் யாரோ செருமுவது கேட்டது. பார்த்தால் பக்கத்து வீட்டு மரியம். ஒரு மூடிய சட்டியைக் கொண்டுவந்து வேலித் தூணில் வைத்தாள். இறால் கறி வாசம் அடித்தது. வைத்துவிட்டுக் கள்ளி மாதிரி நழுவப் பார்த்தவளை நஜாத் கண்டுவிட்டான்.

"மரியம் ராத்தா, என்ன இது?"

"சோறு மகன். ரெண்டு பேருக்கு. ராவைக்கும் இப்படி வெச்சிட்டுப் போயிருவன். நாளைக்கும் அப்படித்தான். நான் உள்ள வர மாட்டன், கூப்பிடவும் மாட்டன், பயப்படாதீங்க."

"ஒங்களுக்கு ஏன் ராத்தா இந்தக் கரச்சல்? ஊரே ஹனிமூன் போயிட்டுது, ஒங்களத்தான் கூப்பிடாம உட்டுட்டாங்க. எனக்கே வெக்கமா இரிக்கி."

மரியம் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கூப்பிடாம என்ன மகன்! 'இந்த வீட்டில தனிய இரிக்கணுமெண்டா ஊரையே பஸ்ஸில ஏத்தி அனுப்பணும் ராத்தா, அத நான் பாத்துக்கிறன், நீங்க மட்டும் நிண்டு எங்க ரெண்டு பேருக்கும் சோறாக்கித் தாங்க' எண்டு இல்மா போன வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்ச கையோட இந்த வேலியில வந்து சொல்லிட்டாவே!"